வாட்டர் சர்வீஸ் கழிவுநீர்: மணலும் கரியும் இரண்டே நாளில் அடைத்துக்கொண்டன, எங்கே தவறு?

மூன்று பிஸ்டன் (நாமக்கல்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையோரம் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. இரண்டு ராம்ப் (வண்டியை ஏற்றி நிறுத்திக் கழுவும் மேடை), ஒரு போர்வெல், ஒரு பம்ப். நாளொன்றுக்குச் சராசரியாக 4 லாரி, 8 கார், 20 இருசக்கர வண்டி வரும். மேல்தொட்டியை எத்தனை முறை நிரப்புகிறேன் என்று பத்து நாள் நோட்டில் எழுதிப் பார்த்தேன். நாளைக்கு ஏறக்குறைய 6,000 லிட்டர் செலவாகிறது. லாரி ஒன்றே 900 லிட்டர் இழுத்துவிடும்.

அந்தத் தண்ணீரில் என்னென்ன போகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் உங்களால் சரியாக யோசனை சொல்ல முடியும். லாரியின் அடிப்பாகத்தில் பழைய கிரீஸ் கட்டிபிடித்துக் கிடக்கும். அதை இளக்குவதற்கு முதலில் டீசலை ஸ்பிரே செய்வோம், ஒரு லாரிக்கு அரை லிட்டர். அதன் மேல் வேகத் தண்ணீர், பிறகு ஷாம்பூ நுரை, பிறகு மறுபடியும் தண்ணீர். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்கள் ஊருக்கென்று இன்னொன்று உண்டு. முட்டை லாரியும் கோழித்தீவன லாரியும் இங்கே அதிகம். உடைந்து காய்ந்த முட்டை, இறகு, கோழி எச்சம், மக்காச்சோளத் தூள் எல்லாம் சேர்ந்து வரும். அந்த நாட்களில் வாய்க்காலில் வெள்ளை நுரை முழங்கால் உயரம் நிற்கும், மறுநாள் நாற்றமெடுக்கும்.

இத்தனையும் இதுவரை சாலையோர வாய்க்காலுக்குத்தான் போனது. வாய்க்கால் முடிகிற இடத்தில் ஓர் அக்காவின் தோட்டம் இருக்கிறது. போன மாதம் அந்த அக்கா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. செம்பை என் மேசையில் வைத்து, "தம்பி, இதை வெளிச்சத்தில் பார்" என்றார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல் ஊதாவும் பச்சையுமாக ஓர் ஏடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அது. மூன்று தலைமுறையாகக் குடித்த கிணறு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரமே 200 லிட்டர் நீல டிரம் ஒன்றில் வடிகட்டி கட்டினேன். அடியில் ஜல்லி, அதன் மேல் ஓரடி தேங்காய்த் தொட்டிக்கரி (காங்கேயம் பக்கத்திலிருந்து வாங்கியது), அதன் மேல் ஓரடி மணல். முதல் நாள் தண்ணீர் தெளிவாக வந்தது. இரண்டாம் நாள் மதியம் சொட்டுச் சொட்டாக வந்தது. மாலையில் நின்றுவிட்டது. கொத்துக்கரண்டியால் மேல்மணலைக் கிளறினேன். நகத்தின் கனத்தில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு தோல், எருமைத் தோலைப் போல ஒரே தகடாக உரிந்து வந்தது. அதற்கு நான்கு விரற்கடை கீழே இருந்த மணல் வாங்கி வந்தபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. கரிக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பெரிய இயந்திரம் வாங்க என்னிடம் பணம் இல்லை. நார், உமி, கரி, முருங்கை விதை என்று நம் பக்கத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்தே செய்ய முடியுமா? கடைக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது.

சோதனைக்குழாய் (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்) எழுதியது:

தம்பி, அந்தக் கறுப்புத் தோலே உங்களுக்கு விடை சொல்கிறது. மணல் தோற்கவில்லை. அதற்கு உரிய வேலை அதனிடம் வந்து சேரவே இல்லை. சேறும் கிரீஸும் வாசலிலேயே கதவை அடைத்துவிட்டன.

முதலில் வேகத்தைப் பாருங்கள். மெதுவடிப்பு மணல் வடிகட்டியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் மணிக்கு 100 முதல் 200 லிட்டர்தான் விடுவார்கள். உங்கள் டிரம்மின் வாய் கால் சதுர மீட்டர். பத்து மணி நேரத்தில் 6,000 லிட்டர் என்றால் மணிக்கு 600. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 2,400. பத்து மடங்குக்கு மேல் திணித்திருக்கிறீர்கள்.

அடுத்தது வரிசை. உங்கள் தண்ணீரில் நான்கு வகை அழுக்கு இருக்கிறது: தானே அடியில் படிவது, தானே மேலே மிதப்பது, படியாமலும் மிதக்காமலும் தொங்குவது, கரைந்துபோனது. படிவதற்கு வண்டல் தொட்டி, மிதப்பதற்கு எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி. இவ்விரண்டுக்கும் மணலும் வேண்டாம், கரியும் வேண்டாம். நேரம் கொடுத்தால் போதும். தொங்குவதைத் திரட்டிப் படிய வைக்க முருங்கை விதை. மிச்சத்துக்கு மணல். கரைந்திருக்கும் நிறத்துக்கும் வாடைக்கும் கடைசியில் கரி. சாதாரண அடுப்புக் கரிக்கும் ஆலையில் நீராவி கொடுத்துத் துளைகள் பெருக்கிய கரிக்கும் பிடிக்கும் திறனில் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால் கரியிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் உண்மையான பகைவன் ஷாம்பூ. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து பால் போலக் கலந்துவிடும். அப்புறம் எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் அது மிதந்து வராது. ஆகவே எண்ணெயும் ஷாம்பூவும் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது. இரண்டு ராம்ப் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒன்றில் லாரி அடிப்பாகம் மட்டும், அங்கே ஷாம்பூவே கூடாது. மற்றொன்றில் நுரை வேலை. இரண்டுக்கும் தனித்தனி வாய்க்கால்.

டீசலைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி நீர்நிலைக்குள் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் 6,000 லிட்டருக்கு அது 60 கிராம். ஒரு தேநீர்க் கோப்பைகூட நிறையாது. நீங்களோ லாரிகளுக்கு மட்டும் தினம் 2 லிட்டர் டீசலைக் கையால் ஊற்றுகிறீர்கள். எந்த நாரும் எந்த விதையும் அதை ஈடுகட்டாது. டீசலை நிறுத்துங்கள். கிரீஸைத் தகட்டால் சுரண்டி, மரத்தூள் போட்டுத் துடைத்து எடுத்த பிறகு தண்ணீர் அடியுங்கள்.

முருங்கை விதையை நேரே தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். முதலில் பாட்டில் சோதனை. முற்றிக் காய்ந்த விதையின் தோலை நீக்கி, வெள்ளைப் பருப்பை இடித்து 50 கிராம் எடுத்து ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் நன்றாகக் கலக்கி வேட்டித்துணியில் வடிகட்டுங்கள். ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களின் கழுத்தை அறுத்துவிட்டு உங்கள் கழிவுநீரை நிரப்பி, 1, 2, 3, 4, 5 மில்லிலிட்டர் என்று ஊற்றுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கு. ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். எதில் தெளிகிறதோ அதுதான் உங்கள் அளவு. விதையிலிருக்கும் புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது, சேற்றுத் துகள் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால்தான் இரண்டும் கட்டிக்கொண்டு படிகின்றன. என் பாட்டி தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்து ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைத்ததும் இதே வகை வேலைதான். ஷாம்பூவும் எதிர்மின்னூட்டம் கொண்டதாகையால் அதுவே புரதத்தைத் தின்றுவிடும், அளவு ஏறிவிடும்.

சங்ககிரி ராம்ப் எழுதியது:

நானும் இதே தொழில்தான், இருபது வருடம். இவ்வளவு எதற்கு? பின்னால் இருக்கும் ஒரு சென்ட்டில் பத்தடிக்கு ஓர் உறிஞ்சுகுழி தோண்டி, கல்லைப் போட்டு மூடிவிடுங்கள். வாய்க்காலுக்கும் போகாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். தண்ணீர்ச் செலவைக் குறைக்க வேண்டுமானால் தண்ணீர் அடிக்கும் துப்பாக்கிக்கு விசை வைத்த முனை மாற்றுங்கள். கையை எடுத்தால் தண்ணீர் நிற்க வேண்டும். எங்கள் பையன்கள் வண்டியைச் சுற்றி வரும்போது தண்ணீர் சும்மா தரையில் ஊற்றிக்கொண்டிருக்கும். முனை மாற்றியதில் மட்டும் எனக்கு நாளைக்கு ஒரு டேங்க் மிச்சம்.

மூன்று பிஸ்டன் எழுதியது:

அண்ணா, விசை முனை யோசனைக்கு நன்றி, நாளைக்கே மாற்றுகிறேன். உறிஞ்சுகுழி மட்டும் என்னால் முடியாது. அக்காவின் கிணறு என் பின்சுவரிலிருந்து அறுபது மீட்டர் இருக்கும். இப்போது வாய்க்காலில் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவது, குழி தோண்டினால் குறுக்கு வழியில் போய்ச் சேரும். என் போர்வெல்லும் அதே மண்ணில்தான் இருக்கிறது.

பொள்ளாச்சி நார் எழுதியது:

நார் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் சொல்கிறேன். நாரும் நார்த்தூளும் வேறு வேறு. தூள் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அது தண்ணீரில் ஊறி உப்பி, உங்கள் மணலை விட விரைவில் அடைத்துக்கொள்ளும். விறைப்பான நீண்ட நார் வேண்டும். அதில் லிக்னின் (மரத்துக்கு விறைப்பைத் தரும் பொருள்) அதிகம், அதனால் தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் மக்காது.

புது நாரிலிருந்து தேநீர் நிறத்தில் சாயம் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு வடிகட்டி கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். மூன்று நான்கு நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, நிறம் வெளிறிய பிறகு பயன்படுத்துங்கள். தொட்டியில் நேராகத் திணிக்காமல் வெங்காய வலைச்சாக்கில் அடைத்து வையுங்கள். சேறு பிடித்ததும் சாக்கோடு தூக்கி அலசலாம். இடம் மணலுக்கு முன்னால், வண்டலுக்கும் எண்ணெய்க்கும் பின்னால்.

எண்ணெய்க்கு என்று தனியாக வேண்டுமானால் இலவம் பஞ்சு இருக்கிறது, போடிநாயக்கனூர்ப் பக்கம் கிடைக்கும். அந்த இழை உள்ளே குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயைக் குடிக்கும். தலையணை உறையில் தைத்து எண்ணெய்த் தொட்டியில் மிதக்க விடுங்கள், பிழிந்து மறுபடியும் போடலாம்.

கல்வாழை (புதுச்சேரி) எழுதியது:

ஆரோவில் பக்கம் வீட்டுக் கழிவுநீருக்குச் செடிப்படுகை கட்டும் வேலையில் பல வருடம் இருந்தேன். உங்கள் முட்டை, எச்சம், மாவுத்தூள் இவற்றுக்கெல்லாம் நாரும் கரியும் போதாது. அவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க வேண்டியவை. ஜல்லிப் படுகையில் கல்வாழையோ சம்புவோ நட்டால், கல்லிலும் வேரிலும் படியும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்யும்.

இடத்துக்கு வருவோம். ஜல்லிக்கு நடுவே இடைவெளி நூற்றுக்கு 40 பங்கு என்று வையுங்கள். 6,000 லிட்டர் இரண்டு நாள் தங்க வேண்டுமானால் 30 கன மீட்டர் ஜல்லி, 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 50 சதுர மீட்டர். உங்கள் ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர்தான். ஆனால் லாரி ராம்ப் தண்ணீரைத் தெளியவைத்து அடிப்பாகம் கழுவவே திரும்ப எடுத்துக்கொண்டால், படுகைக்கு 3,000 லிட்டருக்கு மேல் வராது. 25 சதுர மீட்டர் போதும். அடியில் பண்ணைக்குட்டைக்குப் போடும் கனத்த தார்ப்பாய் விரியுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் கட்டுவது செடி நட்ட உறிஞ்சுகுழிதான். எண்ணெய் மட்டும் உள்ளே வரக் கூடாது, வேர் மூச்சுத் திணறும்.

எண்ணெய்த் தொட்டிக்கு மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை (கிணற்று வளையங்களை) இறக்குங்கள். ஓரடி உயரத்துக்கு ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். நான்கு உறை வீதம் மூன்று கிணறு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் குழாயின் வாய், நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே பார்த்து வளைந்திருக்க வேண்டும். எண்ணெய் மேலேயே தங்கிவிடும், அடித்தண்ணீர் மட்டும் நகரும்.

இரண்டு எச்சரிக்கை. சுரண்டிய கிரீஸும், எண்ணெய்க் கசடும், எண்ணெய் குடித்த பஞ்சும் சட்டப்படி அபாயகரக் கழிவு. எரிக்கவோ புதைக்கவோ கூடாது. மூடிய பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு எண்ணெய்க்காரரிடம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். மற்றொன்று, ராம்புக்குக் கூரை. ஒரு நல்ல மழை போதும், எண்ணெய்த் தொட்டியில் மாதக்கணக்கில் சேர்ந்தது எல்லாம் பொங்கி வெளியே போய்விடும்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சோதனைக்கு எடுத்தால் கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். பிளாஸ்டிக்கில் எண்ணெய் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், முடிவு குறைத்துக் காட்டும்.

மூன்று பிஸ்டன் எழுதியது (எட்டு வாரம் கழித்து):

சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன். நடந்ததையும் நடக்காததையும் எழுதிவிடுகிறேன். என்னைப் போல யாராவது தேடி வந்தால் உதவும்.

டீசலை முதல் நாளே நிறுத்தினேன். ஒரு லாரிக்குக் கால் மணி நேரம் கூடுதலாகச் சுரண்டுகிறோம். ஓட்டுநர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது. சுரண்டிய கிரீஸும் மரத்தூளும் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் ஒன்றரை வாளி சேர்ந்திருக்கிறது. அந்த வாளியைத் தூக்கிப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. பதினோரு வருடமாக இது எங்கே போனது என்று எனக்கு இப்போது தெரியும். முட்டை லாரிகளுக்கும் முதலில் துடைப்பம்தான். கூட்டி அள்ளிய எச்சத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் எருவுக்கு எடுத்துக்கொள்கிறார்.

ஆசிரியர் ஐயா சொன்ன பாட்டில் சோதனையை நானும் என் மகளும் செய்தோம். லாரி ராம்ப் தண்ணீரில் 3 மில்லிலிட்டர் ஊற்றிய பாட்டில்தான் முதலில் தெளிந்தது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ரவை போலச் சின்னச் சின்னத் திரள்கள் தோன்றி, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு இறங்கின. மகள் பாட்டிலை விட்டு நகரவே இல்லை. ஷாம்பூ ராம்ப் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் ஊற்றியும் பால் போலவே நின்றது. ஐயா சொன்னது அப்படியே நடந்தது. அதனால் விதை லாரி ராம்புக்கு மட்டும். 3,600 லிட்டருக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம் பருப்பு வேண்டியிருக்கிறது. அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோட்டக்காரர்களிடம், விற்காமல் மரத்திலேயே முற்றிய காய்களின் விதையை வாங்குகிறேன். இடிப்பதுதான் பெரிய வேலை. ஒரு குறை: தெளிந்த தண்ணீரைத் தொட்டியில் வைத்தால் மூன்றாம் நாள் புளித்த வாடை வருகிறது. விதையின் சத்து தண்ணீரிலேயே மிஞ்சுகிறது போலும். அன்றன்றே அடிப்பாகம் கழுவித் தீர்த்துவிடுகிறேன்.

இலவம் பஞ்சு லாரிப் பக்கத் தொட்டியில் அருமையாக வேலை செய்கிறது. ஒரு வாரத்தில் தலையணை கறுத்துக் கனத்துவிடும். ஆசைப்பட்டு ஷாம்பூப் பக்கமும் ஒன்று போட்டேன். ஒரே நாளில் தண்ணீர் குடித்து அடியில் போய்க் கிடந்தது. சோப்பு அந்த மெழுகையும் ஏமாற்றிவிடுகிறது.

தெளிவைப் பார்க்க எளிய வழி ஒன்று கண்டுபிடித்தேன். வெள்ளை வாளியின் அடியில் பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டு, தண்ணீரை மெதுவாக ஊற்றுவேன். நாணயம் எந்த உயரத்தில் மறைகிறது என்று பார்ப்பேன். லாரி ராம்பிலிருந்து வரும் தண்ணீரில் இரண்டு விரற்கடையில் மறைந்துவிடும். விதை, நார், மணல் தாண்டி வந்த தண்ணீரில் வாளி நிறைந்த பிறகும் மேலே சிங்கம் தெரிகிறது. எண்ணெய்க்கு இந்தச் சோதனை போதாது என்று எனக்குத் தெரியும். கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை. மணலையும் இந்த முறை ஒரு டிரம்மில் அடைக்காமல் அகலமாகத் தொட்டி கட்டிப் பரப்பினேன். வாரத்துக்கு ஒரு முறை மேலே இரண்டு சென்டிமீட்டர் சுரண்டி அலசுகிறேன், ஓட்டம் திரும்பிவிடுகிறது.

செடிப்படுகை கட்டி மூன்று வாரம் ஆகிறது. கல்வாழை வேர் பிடித்துப் புது இலை விட்டிருக்கிறது. நுரை குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. ஷாம்பூவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன், எந்த வாடிக்கையாளரும் வித்தியாசம் சொல்லவில்லை.

அக்காவின் கிணற்றை இரண்டு முறை இறைத்தோம். இறைத்த தண்ணீரை டேங்கரில் ஏற்றிக் கொண்டுவந்து என் தொட்டி வழியாகவே விட்டேன். காலையில் ஏடு தெரிவதில்லை, மாலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இன்னும் மெல்லியதாகத் தெரிகிறது. தினமும் இரண்டு குடம் குடிதண்ணீர் என் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா வேண்டாம் என்றுதான் சொல்கிறார். நான் நிறுத்தப் போவதில்லை.

இப்போது என் அவசரம் கூரை. லாரி ராம்புக்கு மேல் 18 அடி உயரம் வேண்டும், சாரல் பக்கவாட்டிலும் அடிக்கும். ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பக்கம்தான் தகரம் போட முடிகிறது. முதலில் ராம்பை மூடுவதா, எண்ணெய்த் தொட்டியை மூடுவதா? கல்வாழை நண்பரே, நீங்கள் சொல்லுங்கள்.

கல்வாழை எழுதியது:

முதலில் தொட்டியின் வாய்க்குச் சிமெண்ட் மூடி, சுற்றிலும் அரையடிக் கரை. அதோடு ராம்ப் வாய்க்காலில் ஒரு மடை வையுங்கள். மழை தொடங்கி ராம்ப் கழுவப்பட்ட முதல் கால் மணி நேரத் தண்ணீர் தொட்டிக்கு, அதன் பிறகு மடையைத் திருப்பி வெளியே விடுங்கள். தகரம் அடுத்த மாதம் போடலாம். மடைப் பலகையைத் தேக்கில் செய்யுங்கள், இரும்பு வேண்டாம், உங்கள் தண்ணீரில் துருப்பிடித்துவிடும்.